காஞ்சியும் கப்பலும்: தொடர்பயணிகளின் சலுகைக் கணக்கு

சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் உள்ளே, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த காஞ்சிபுரத்துக்கும் உல்லாசப் பயணக் கப்பல்களுக்கும் இன்று இரண்டு வகையில் தொடர்பு இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று சென்னையில் ஒரு பகல் தங்கும்போது அதன் பயணிகளில் ஒரு பகுதியினர் கோயில்களையும் தறிகளையும் காணப் பேருந்தேறிக் காஞ்சிக்கு வருகின்றனர்; பட்டு வணிகத்தாலோ ஓய்வூதியத்தாலோ கையில் சற்றுப் பணம் சேர்ந்த காஞ்சிக் குடும்பங்களுக்கோ சென்னையிலும் சிங்கப்பூரிலும் கப்பலேறும் வாய்ப்பு முன்னெப்போதையும்விட எளிதாகியிருக்கிறது. இவ்விரு சாராரையும் தம் பக்கம் இழுத்து நிறுத்துவதற்காகக் கப்பல் நிறுவனங்கள் வகுத்திருக்கும் ஏற்பாடே லாயல்டி திட்டம், அதாவது மீண்டும் மீண்டும் பயணம் செய்வோருக்குப் புள்ளிகளும் படிநிலைகளும் தந்து சலுகை வழங்கும் முறை. இத்திட்டங்களில் உண்மையான பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் அடுத்த படிநிலையை எட்டுவதற்காகவே பயணத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் பெரும்பாலும் இழப்பையே சந்திக்கிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இத்தகைய ஏற்பாடு முற்றிலும் புதியதன்று. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் 'கனவு நனவுத் திட்ட'த்தில் மாதந்தோறும் தவணை கட்டுவோருக்குக் கடைசித் தவணையை நிறுவனமே ஏற்றுக்கொள்ள, சேர்ந்த தொகைக்குத் துணி எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பட்டு நகரத்தார் நன்கு அறிவர். அத்திட்டத்தில் கட்டிய பணத்துக்குக் கணக்கு இருக்கிறது, பெறப்போகும் துணியின் மதிப்பும் முன்கூட்டியே தெரிகிறது. கப்பல் நிறுவனத்தின் புள்ளிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைப் பணமாக மாற்றவும் முடியாது, பிறருக்கு விற்கவும் முடியாது. நிறுவனம் தன் விதியை மாற்றினால் அவற்றின் மதிப்பும் மாறிவிடும். சேமிப்பாக எண்ணாமல், கிடைத்தால் அனுபவித்துக்கொள்ளும் மரியாதையாக மட்டுமே அவற்றைக் கொள்வது பொருந்தும்.

புள்ளி எவ்வாறு சேர்கிறது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. ராயல் கரீபியன் நிறுவனத்தின் கிரவுன் அண்டு ஆங்கர் சொசைட்டி, கப்பலில் கழியும் இரவு ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டு, சூட் எனப்படும் பெரிய அறையை எடுப்போருக்கு அதை இரண்டாக்குகிறது. 3 புள்ளியில் கோல்டு, 30-இல் பிளாட்டினம், 55-இல் எமரால்டு, 80-இல் டைமண்டு, 175-இல் டைமண்டு பிளஸ், 700-இல் பின்னக்கிள் என அதன் படிகள் உயர்கின்றன. சிங்கப்பூரிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை நான்கு இரவுப் பயணம் செல்லும் குடும்பம் சாதாரண அறையில் தங்கினால், சொல்லிக்கொள்ளத்தக்க சலுகைகள் தொடங்கும் டைமண்டு நிலையை எட்ட 20 ஆண்டுகள் ஆகும் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. பின்னக்கிள் நிலைக்குத் தேவையான 700 இரவுகள் என்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை முழுமையாகக் கடலிலேயே கழிப்பதற்குச் சமம். ஓய்வுக்காலத்தை மயாமியிலோ அதன் அருகிலோ கழிக்கும் அமெரிக்கர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட அளவுகோல் அது. பிரின்சஸ் நிறுவனத்தின் கேப்டன்ஸ் சர்க்கிள் வேறு வழியைப் பின்பற்றி, நாள்களையோ பயணங்களின் எண்ணிக்கையையோ, எது முன்னதாக நிறைவேறுகிறதோ அதை ஏற்றுக்கொள்கிறது. 15 பயணங்கள் அல்லது 150 நாள்களை நிறைவு செய்தவருக்கு அதன் உச்சநிலையான எலீட் கிடைக்கிறது. குறுகிய பயணங்களையே மேற்கொள்ளக்கூடியவர்களுக்கு இரண்டாவது முறையே நன்மை தருவதாகும். ஹாலந்து அமெரிக்கா நிறுவனமோ கப்பலுக்குள் பயணி செய்யும் செலவையும் நாள்கணக்கோடு சேர்த்துக்கொள்கிறது.

குடும்ப அமைப்பு தொடர்பான விதிகளைத் தமிழ்நாட்டார் தனியாகக் கவனிக்க வேண்டும். ராயல் கரீபியன் திட்டத்தில் ஒரே முகவரியில் வாழும் கணவன் மனைவியரில் ஒருவருடைய உயர்நிலையை மற்றவரும் பெறலாம், பிள்ளைகளும் சிறுவயதில் பெற்றோரின் நிலையைப் பெறுகின்றனர். ஆனால் ஒரே வீட்டில், ஒரே உலையில் உண்ணும் அண்ணன் தம்பி குடும்பங்களுக்கோ, மகனோடு வசிக்கும் தாய் தந்தையருக்கோ அந்த உரிமை தானாக நீள்வதில்லை. கூட்டாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பும் காஞ்சிக் குடும்பத்தில் ஒருவர் முன்னுரிமை வரிசையில் கப்பலேற, ஏனையோர் பொது வரிசையில் காத்திருக்க நேரும் என்பதை முன்பே அறிந்திருந்தால் துறைமுகத்தில் மனக்கசப்பு எழாது. தனியாகச் செல்வோர் கவனிக்க வேண்டிய விதி மற்றொன்று. இருவர் தங்கும் அறையை ஒருவர் எடுத்தால் இரண்டாமவரின் கட்டணத்தையும் அவரே செலுத்த வேண்டும். சிங்கிள் சப்ளிமென்ட் எனப்படும் இக்கூடுதல் கட்டணத்தைச் செலுத்துவோருக்குச் சில நிறுவனங்கள் இரட்டைப் புள்ளி தருகின்றன. துணையை இழந்தபின் தனியாகப் பயணம் செய்யும் முதியோருக்கு இது ஓரளவு ஈடு.

சலுகைகள் எவை என்ற வினாவுக்கு நிறுவனங்களின் விளம்பர ஏடுகள் நீண்ட பட்டியலைத் தரும். முன்னுரிமை ஏற்றம், உறுப்பினருக்கான விருந்து, தள்ளுபடி விலையில் இணையம், இலவச பானங்கள், சலவை, ஆன்போர்டு கிரெடிட் எனப்படும் கப்பலுக்குள் செலவழிக்கத்தக்க தொகை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மது அருந்தாத குடும்பத்துக்கு ஒயின் விருந்தால் பயனில்லை என்றாலும், ராயல் கரீபியனின் டைமண்டு உறுப்பினருக்கு நாள்தோறும் கிடைக்கும் நான்கு பானங்களைக் காப்பிக்கும் குளிர்பானத்துக்கும் பயன்படுத்திக்கொள்ள முடியும். அந்நிறுவனம், கார்னிவல் கார்ப்பரேஷன் ஆகியவற்றின் பங்குகளில் குறைந்தது 100 வைத்திருப்போருக்கு, பயண நாள்களுக்கு ஏற்ப 50 முதல் 250 டாலர் வரை ஆன்போர்டு கிரெடிட் தரும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. இது படிநிலையோடு தொடர்பற்றது என்பதால் முதல் பயணத்திலேயே கிடைக்கக்கூடியது, அமெரிக்காவில் வேலைபார்க்கும் பிள்ளைகள் வழியாகப் பங்கு வைத்திருக்கும் பெற்றோர் பலர் இதைக் கேட்டுப் பெறுவதே இல்லை.

சலவைச் சலுகையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. நீண்ட பயணங்களில் மிகப் பயனுள்ள சலுகை இதுவே என்று அனுபவமுள்ள பயணிகள் கருதுவதற்குக் காரணம், கட்டணம் செலுத்திச் சலவைக்குப் போட்டால் ஒரு வாரத்தில் கணிசமான தொகை ஆகிவிடுவதுதான். பிரின்சஸ் நிறுவனத்தின் எலீட் உறுப்பினருக்கு இது முற்றிலும் இலவசம். அறையில் வைக்கப்பட்டிருக்கும் பையில் துணிகளைப் போட்டு வைத்தால் பணியாளர் எடுத்துச் சென்று மறுநாளோ அதற்கடுத்த நாளோ திருப்பித் தருவார். ஆனால் கப்பலில் கேப்டன் விருந்து நடைபெறும் இரவுக்காகக் காஞ்சிப் பட்டு உடுத்திச் செல்லும் பெண்கள் அந்தச் சேலையை ஒருபோதும் அந்தப் பையில் இடலாகாது. இலவசச் சலவை என்பது பெரும்பாலும் இயந்திரத்தில், சூடான நீரில், எல்லாத் துணிகளோடும் சேர்த்து வெளுப்பதாகும். பட்டிழையின் சாயமும் ஜரிகையின் முலாமும் அதைத் தாங்கமாட்டா. கடற்காற்றின் ஈரமும் உப்பும் ஜரிகையைக் கறுக்கச் செய்யும் என்பதால், உடுத்திய சேலையை உடனே மடித்துவிடாமல் அறைக்குள் விசிறிக்காற்றில் சில மணி நேரம் ஆறவிட்டு, ஜரிகை உள்பக்கம் வருமாறு மடித்து, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பதே நல்லது. வாசனைத் திரவியத்தைச் சேலையின் மேல் தெளிப்பதும் கூடாது. ஊர் திரும்பியபின் பட்டுக்குப் பழகிய டிரை கிளீனிங் கடையில் கொடுத்துக்கொள்ளலாம்.

நிலையில்லாத நிலைகள்

புள்ளிகளின் மதிப்பு நிறுவனத்தின் விதிக்கும் ஆயுளுக்கும் உட்பட்டது என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. கார்னிவல் நிறுவனம் நாள்கணக்கை அடிப்படையாகக் கொண்டிருந்த தன் வி.ஐ.எஃப்.பி. கிளப்புக்குப் பதிலாக, பயணி செலவிடும் தொகையை அடிப்படையாகக் கொண்ட கார்னிவல் ரிவார்ட்ஸ் திட்டம் 2026 ஜூன் முதல் நடைமுறைக்கு வரும் என்று 2025-இல் அறிவித்தது. வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் என்று நம்பப்பட்ட படிநிலை, இனிக் குறிப்பிட்ட கால எல்லைக்குள் மீண்டும் மீண்டும் ஈட்டவேண்டியதாகிறது என்ற செய்தி பல்லாண்டுப் பயணிகளிடையே பெரும் வருத்தத்தை உண்டாக்கியது. இதற்கு மாறான போக்கும் இல்லாமல் இல்லை: ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ ஆகிய ஒரே குழுமத்தின் நிறுவனங்களில் ஒன்றில் பெற்ற நிலையை மற்றதிலும் மதிக்கும் முறை 2024-இல் வந்தது, எம்.எஸ்.சி. நிறுவனம் வேறு நிறுவனத்தில் பெற்ற நிலைக்கு இணையான நிலையைத் தன் திட்டத்திலும் வழங்கும் ஸ்டேட்டஸ் மேட்ச் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. புதிய நிறுவனத்தில் அடியெடுத்து வைக்கும் முன் இதற்கு விண்ணப்பிப்பது செலவில்லாத செயல்.

நிறுவனமே இல்லாமற்போகும் நிலைதான் கடுமையானது. ஆசியாவில் இந்தியப் பயணிகளுக்கு நெடுங்காலம் பழக்கமாயிருந்த ஸ்டார் குரூசஸ், அதன் தாய் நிறுவனமான ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்புக்கு விண்ணப்பித்ததோடு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் ஜென்டிங் டிரீம் என்ற கப்பலோடு ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூசஸ் என்ற புதிய பெயரில் சிங்கப்பூரிலிருந்து சேவை தொடங்கியது. மும்பையைத் தளமாகக் கொண்டு 2019-இல் தொடங்கிய ஜலேஷ் குரூசஸ், கொரோனா முடக்கத்தில் சிக்கி 2020 அக்டோபரில் மூடப்பட்டது. அதன் கர்ணிகா கப்பல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்கப்படுவதற்காகச் சென்றது. சென்னையிலேயே 2011-இல் ஆமெட் மெஜஸ்டி என்ற கப்பல் உற்சாகத்தோடு தொடங்கிவைக்கப்பட்டும் அச்சேவை நீடிக்கவில்லை. இந்தியக் கடலில் இயங்கும் நிறுவனம் எதுவாயினும், அது தரும் கிரெடிட்டையும் அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிச் சீட்டையும் சேர்த்து வைக்காமல் கிடைத்த ஆண்டிலேயே பயன்படுத்திவிடுவதே அறிவுடைமை என்ற முடிவுக்கு வருவதற்கு இம்மூன்று நிகழ்வுகளும் போதுமானவை.

சென்னைத் துறைமுகத்தின் இன்றைய நிலை அதைவிட நம்பிக்கையளிப்பதாக இருக்கிறது. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கோர்டிலியா குரூசஸ் சேவையின் எம்ப்ரஸ் கப்பலுக்குத் தனி வரலாறு உண்டு. 1990-இல் பிரான்சின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டு, மயாமியிலிருந்து மூன்று, நான்கு இரவுக் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட அது, பின்னர் எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ் என்ற பெயரோடு பல கடல்களில் உழைத்து, 2020 இறுதியில் விற்கப்பட்டு, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இந்தியப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. 211 மீட்டர் நீளமும் 48,563 மொத்த டன் கொள்ளளவும் கொண்ட இக்கப்பல், இன்றைய பெருங்கப்பல்களோடு ஒப்பிட்டால் சிறியது. குறும்பயணத்துக்கென்றே பிறந்த கப்பல் என்பதால் இந்தியக் குடும்பங்களின் விடுமுறை அளவுக்கு அது பொருந்தியிருக்கிறது. எனினும் ராயல் கரீபியனில் புள்ளி சேர்த்திருப்போர் அதே கப்பலில் இன்று பயணம் செய்தாலும் ஒரு புள்ளியும் சேராது. புள்ளி சேர்வது நிறுவனத்தோடு கொண்ட உறவினால்தான், கப்பலால் அன்று.

வழித்தடம் எப்போதும் உறுதியானதாக இருப்பதில்லை என்பதையும் அந்த முதல் பருவமே உணர்த்தியது. சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று விளம்பரம் செய்யப்பட்ட பயணத்தில், சூதாட்டக்கூடம் முதலியவற்றைச் சுட்டி எழுந்த எதிர்ப்பால் புதுச்சேரி அரசு 2022 ஜூனில் கப்பலுக்கு அனுமதி மறுக்க, பயணிகள் கரையிறங்காமலே திரும்ப நேர்ந்தது. கப்பல் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் துறைமுகத்தை மாற்றவோ விட்டுவிடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற விதி எப்போதும் இடம்பெற்றிருக்கும் என்பதையும், அதற்காகப் பயணக் கட்டணம் திரும்பக் கிடைப்பது அரிது என்பதையும் முன்பதிவுக்கு முன் அறிந்திருக்க வேண்டும். 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால், 17.21 கோடி ரூபாயில் அமைந்த பன்னாட்டுக் கப்பல் பயணிகள் முனையத்தைத் திறந்துவைத்து, அதே எம்ப்ரஸ் கப்பலை அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களை நோக்கி அனுப்பிவைத்தார். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி சுவான் சாங்கின் வாழ்க்கை வரலாறு, காஞ்சியைச் சிங்களத்துக்குச் செல்லும் கடல்வழியின் வாயிலாகவும் அப்பயணத்தை மூன்று நாள் பயணமாகவும் குறிப்பிடுகிறது. இலங்கையில் மன்னன் இறந்து பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாக அங்கிருந்து வந்த துறவியர் சொல்லக் கேட்டு அவர் தம் பயணத்தைக் கைவிட்டார். சென்றடையும் நாட்டின் நிலையை விசாரித்தபின் கிளம்பும் வழக்கம் இவ்வூரில் அவ்வளவு பழமையானது.

ஆடியும் ஐப்பசியும்

கப்பல் எப்போது எந்தக் கரையில் இருக்கும் என்பதைப் பருவக்காற்றே தீர்மானிக்கிறது. தென்மேற்குப் பருவமழை மும்பை, கோவா, கொச்சி ஆகிய மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களைக் கொந்தளிப்பில் ஆழ்த்தும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில், மழை மறைவுப் பகுதியான சென்னைப் பக்கம் கடல் ஓரளவு அடங்கியிருக்கும் என்பதால், இந்தியச் சேவை கிழக்குக் கரைக்கு வருகிறது. காஞ்சியின் தொழில் நாட்காட்டியோடு இக்காலம் பொருந்தி வருவதை இங்கே குறிப்பிட வேண்டும். முகூர்த்தங்கள் நிறைந்த வைகாசி, ஆவணி மாதங்களுக்காக நெய்து, கொடுத்து, வரவுசெலவு பார்க்கும் பட்டுக் குடும்பங்களுக்கு, திருமணம் நடைபெறாத ஆடியே ஓரளவு ஓய்வு கிடைக்கும் மாதம். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும் அம்மாதம் கப்பல் சென்னையில் இருக்கும் பருவத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆடித் தள்ளுபடி விற்பனை நடத்தும் கடைக்காரர்களுக்கு இது பொருந்தாவிட்டாலும், தறி வைத்திருப்போருக்கும் நூல், ஜரிகை வணிகர்களுக்கும் பொருந்தும். பள்ளி நடைபெறும் காலம் என்பதால் குழந்தைகளோடு செல்வோர் மட்டும் வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை நேரெதிரானது. சிங்கப்பூர், மலேசியக் கப்பல்களுக்கு விமானத்தில் சென்று சேர்வோர் வடகிழக்குப் பருவமழையையும் புயலையும் கருத்தில் கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலாலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலாலும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. கப்பல் புறப்படும் நாளன்று காலையில் சென்று இறங்கும்படி விமானச்சீட்டு எடுத்தவருக்கு அத்தகைய நாளில் கப்பல் காத்திருப்பதில்லை. எத்தனை உயர்ந்த படிநிலையில் இருந்தாலும் இந்த விதி தளர்வதில்லை. சாதாரணக் காலத்தில் ஒரு நாள் முன்னதாகவும், நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரண்டு நாள் முன்னதாகவும் துறைமுக நகரத்தைச் சென்றடைவதால் ஆகும் ஓட்டல் செலவு, தவறவிட்ட கப்பலின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

சென்னையில் கப்பலேறும் காஞ்சிப் பயணிக்கு வேறொரு வசதி இருக்கிறது, அது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்தையும் சென்னைக் கடற்கரை நிலையத்தையும் இணைக்கும் மின்சார ரயில்கள் நாள்தோறும் சில ஓடுகின்றன; கடற்கரை நிலையமோ துறைமுகத்துக்கு எதிரிலேயே அமைந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலில் கார் எத்தனை மணிக்குச் சென்று சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நாள்களில், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் ரயிலே நம்பத்தகுந்தது. நிலையத்திலிருந்து பயணச்சீட்டில் குறிப்பிட்ட துறைமுக வாயிலுக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். பெரிய பெட்டிகளோடும் முதியவர்களோடும் செல்லும் குடும்பம் மட்டும் வண்டி அமர்த்திக்கொள்வது நல்லது.

ஆவணங்களைப் பொறுத்தவரை உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போன்ற அரசு அடையாள அட்டை போதும். இலங்கை உள்ளிட்ட வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றாவது இருந்தால் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் அந்தந்த நாட்டின் நுழைவு அனுமதியும் வேண்டும். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவோ தாய்லாந்தோ சென்று, சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணத்தில் சிங்கப்பூருக்குள் இருமுறை நுழைய நேர்வதால் பன்முறை நுழைவு விசா தேவைப்படும். ஒருமுறை நுழைவு விசாவோடு சென்றால் ஏறும் வாயிலிலேயே தடுக்கப்படலாம். ஐரோப்பியக் கப்பல்களில் ஷெங்கன் எல்லைக்கு வெளியே போய் மீளும் வழித்தடங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை வாங்கும்போது டி.சி.எஸ். என்ற பெயரில் முன்னதாகப் பிடிக்கப்படும் வரித்தொகையை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளலாம் என்பதால் அதற்கான சான்றை முகவரிடமிருந்து கேட்டுப் பெற வேண்டும். கப்பல் மருத்துவமனையின் கட்டணம் இந்திய மருத்துவமனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாத அளவுக்கு உயர்ந்தது, அதை வழக்கமான மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை. நோயாளியைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் அறுபது வயது கடந்தோர் கப்பலேறவே கூடாது. கைப்பேசியைக் கப்பலுக்குள் நுழைந்ததும் ஏரோபிளேன் மோடில் வைக்காவிட்டால், செயற்கைக்கோள் வழியாகத் தானே இணைந்து ஆயிரக்கணக்கில் கட்டணம் ஏற்றிவிடும். சைவ உணவு எல்லாக் கப்பலிலும் கிடைக்கும் என்றாலும் முட்டை, வெங்காயம், பூண்டு தவிர்ப்போர் முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவிப்பது அவசியம்.

கப்பலிலிருந்து தறிக்கு

எதிர்த்திசையில் வரும் பயணியின் ஒருநாள் இன்னும் நுட்பமான திட்டத்தை வேண்டுகிறது. இந்தியாவின் மின்னணு விசாவை ஏற்கும் துறைமுகங்களில் சென்னையும் ஒன்று என்பதால் வெளிநாட்டுப் பயணிகள் கரையிறங்குவதில் பெரிய தடையில்லை. ஆனால் காலையில் கரையைத் தொட்டு மாலையில் கிளம்பும் கப்பலின் பயணிக்கு, குடியேற்றச் சோதனையும் போகவர நான்கு மணி நேரத்துக்குக் குறையாத சாலைப் பயணமும் போக, காஞ்சியில் கிடைப்பது நான்கு மணி நேரமே. அந்த நான்கு மணி நேரமும் பெரும்பாலும் நண்பகலில் விழுகிறது. காஞ்சியின் பெருங்கோயில்கள் நண்பகலில் நடை சாத்திப் பிற்பகல் நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கப்படுகின்றன என்பதை அறியாத முகவர்கள், பேருந்தை முதலில் கடைக்கும் பிறகு கோயிலுக்கும் ஓட்டிவந்து, மூடிய கதவைக் காட்டித் திருப்பி அனுப்பும் அவலம் நேர்வதுண்டு. பத்து மணியளவில் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கைலாசநாதர் கோயில், அடுத்து ஏகாம்பரநாதர் அல்லது வரதராசர் கோயில், நடை சாத்தியபின் தறிக்கூடம் என்ற வரிசையே பொருந்தும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் சுற்றுமதிலை ஒட்டிய 58 சிற்றாலயங்களில் நிழலும் அமைதியும் உண்டு. 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரமும், வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் கற்சங்கிலியும் கருவறைக்குள் அனுமதிக்கப்படாத வேற்றுமதத்தாரும் காணக்கூடியவை. வெயிலில் கல்தளம் காலைச் சுடும் என்பதால் காலுறை கொண்டுவரச் சொல்வது சிறிய உதவி, ஆனால் மறக்கக்கூடாதது.

நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும்; தனியாகக் கார் அமர்த்திக்கொண்டு வந்தவருக்காகக் காத்திருக்காது. தொடர்பயணிகளில் பலர் விலை குறைவு என்று தனிக் கார் ஏற்பாட்டையே விரும்புகின்றனர், அருகிலிருக்கும் மயிலாப்பூருக்கு அது தகும். 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிக்குத் தகாது.

பல நாடுகளைச் சுற்றிய பயணிக்கு மற்றுமொரு கடையைக் காண்பதில் ஆர்வம் இருப்பதில்லை. பிள்ளையார்பாளையத்து வீடொன்றின் தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருக்கும் நெசவாளரின் கையைப் பத்து நிமிடம் கவனித்தால் அவர் பெறும் அறிவு எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யப்படும் கோர்வைச் சேலையில் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. இரு கரைகளுக்கும் இரண்டு, உடலுக்கு ஒன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் இடத்தில் உருவாகும், ரேக்கு எனப்படும் பல்வரிசை போன்ற அமைப்பைச் சேலையைப் புரட்டிப் பார்த்தால் பின்புறத்திலும் காணலாம். விசைத்தறிப் போலியில் அந்தக் கோப்பு இருக்காது. முந்தானைக்கு வேறு நிறப் பாவு வேண்டும்போது பழைய பாவிழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் பேட்னி முறை இன்னும் நேரம் பிடிக்கக்கூடியது. இவ்வளவையும் கண்ணால் கண்ட பயணி விலையைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார். வழிகாட்டிகள் தரகுக்காக அழைத்துச் செல்லும் கடைகளைக் காட்டிலும், நகரிலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனையகங்களிலும் கோ-ஆப்டெக்ஸிலும் பட்டுக் குறியீடும் கைத்தறிக் குறியீடும் ரசீதும் உறுதியாகக் கிடைக்கும்; காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது என்பதையும் பயணியிடம் சொல்ல வேண்டும்.

2024 செப்டம்பர் 30 அன்று மத்திய அரசு தொடங்கிய குரூஸ் பாரத் திட்டம், கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரட்டிப்பாக்க எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையில் காஞ்சிக்கு ஒரு பங்கு கிடைக்க வேண்டுமானால் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு வரும் பயணிகள் கப்பல்களின் நாளும் நேரமும் மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. அந்தப் பட்டியல் இந்து சமய அறநிலையத் துறையின் காஞ்சி அலுவலகங்களுக்கும், தொல்லியல் துறைக்கும், நெசவாளர் சங்கங்களுக்கும் தவறாமல் வந்து சேர்ந்தால், கப்பல் வரும் நாளில் வழிகாட்டிகளையும் தறிக்கூடங்களையும் ஆயத்தமாக வைக்க முடியும். சுற்றுலாத் துறை இதைத் தன் பொறுப்பாக ஏற்றுச் செய்ய வேண்டும். ஆடியில் கப்பலேற எண்ணும் காஞ்சிக் குடும்பங்களோ, எந்தப் படிநிலை கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன், சித்திரையிலேயே வீட்டிலுள்ள பாஸ்போர்ட்டுகளை எடுத்து அவற்றின் காலாவதித் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதற்குரிய அவகாசம் அப்போதுதான் இருக்கும்.